பேர்ட் ஆஃப் பேரடைஸ் இலை மட்டும் விடுகிறது, பூ வரவில்லை: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கான விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செராஸில் டெரஸ் வீடு. கார் போர்ச் ஓரம் பெரிய பூச்சாடியில் பேர்ட் ஆஃப் பேரடைஸ் வைத்து மூன்று வருடமாகிறது. இலை ஆளுயரம் வந்துவிட்டது, ஒரு பூகூட இல்லை. பினாங்கில் தங்கையின் கொண்டோ வரவேற்பறையில், இதே பெயரைச் சொல்லி வாங்கிய செடியில் இலைகள் கிழிகின்றன, ஓரம் கருகுகிறது. இரண்டுக்கும் என்ன உரம் போடலாம்?

உரத்தைக் கடைசியில் பார்ப்போம். நம் ஊரில் இந்தச் செடி பூக்காமல் போவதற்கு உரக்குறை காரணமாக இருப்பது அபூர்வம். வீட்டில் இருப்பது எந்தச் செடி என்பது முதல் கேள்வி. அடுத்தது வெயில். அதற்குப் பிறகு சாடியும் மண்ணும். இவை சரியாக இல்லாமல் உரத்தை மட்டும் கூட்டினால் இலைதான் இன்னும் பெருக்கும்.

மூன்று வருடத்தில் சாடியிலேயே ஆளுயரம் என்றதும் சந்தேகம் வருகிறது. ஆரஞ்சும் நீலமுமாகப் பறவைத் தலை போலப் பூப்பது ஸ்ட்ரெலிட்ஸியா ரெஜினே. அதற்குத் தண்டு கிடையாது. காம்புகள் மண்ணிலிருந்தே நேராக எழும். முழுசாக வளர்ந்தாலும் பெரும்பாலும் 1 முதல் 1.5 மீட்டர்தான். இலை தடிப்பாக, விறைப்பாக, சாம்பல் பூத்த பச்சையில் இருக்கும். உங்களிடம் இருப்பது வாழையிலை போல் அகலமாக, பளபளவென்று, வேகமாக உயர்கிறது என்றால் அது ஸ்ட்ரெலிட்ஸியா நிக்கோலாய். தரையில் வைத்தால் 6 மீட்டரையும் தாண்டும் மரம் அது. பூவும் வேறு: கருநீல மடலிலிருந்து வெள்ளை இதழ்களும் நீல நாக்கும் வெளிவரும். அதுவும் அடிமரம் திரண்ட பிறகு, பல வருடம் கழித்துத்தான். சாடியில் வைத்த இளஞ்செடியிடம் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

குழப்பம் இந்த இரண்டோடு முடிவதில்லை. இலைகளெல்லாம் ஒரே தளத்தில் கைவிசிறியை விரித்த மாதிரி அடுக்காக நின்றால் அது விசிறி வாழை. இளசாக இருக்கும்போது நிக்கோலாயிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். மெல்லிய இலையும், ஒன்றையொன்று சுற்றிய உறைகளால் ஆன போலித்தண்டும், பக்கத்தில் பக்கத்தில் முளைத்துக்கொண்டே போகும் கன்றுகளுமாக இருந்தால் ஹெலிகோனியா. சில நாடுகளில் மயில்கொன்றைக்கும் பேர்ட் ஆஃப் பேரடைஸ் என்றே பெயர். இணையத்தில் 'குளிர் முடிந்ததும் தரையோடு வெட்டுங்கள்' என்று படித்திருப்பீர்கள். அரிசோனா பக்கம் அந்தக் கொன்றைக்குச் சொல்லும் ஆலோசனை அது. அதை நம்பி ஸ்ட்ரெலிட்ஸியாவை மொட்டையாக வெட்டினால் இரண்டு மூன்று வருட வளர்ச்சி வீண்.

இனி, உண்மையான ரெஜினே இருக்கிறது, பூ இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம். 1773இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் பிறந்த மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் குடும்பத்தை வைத்து ஜோசப் பேங்க்ஸ் பெயர் சூட்டினார். அந்தக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி இரவு குளிர்ந்துவிடும். கோலாலம்பூரில் பகல் 32, 33 பாகை செல்சியஸ், இரவும் 23க்குக் கீழே இறங்குவது குறைவு. வேறுபாடு அங்கேதான். ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் ஒரு பூங்காம்புக்கான மொட்டு உருவாகிறது. அது உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வளர்ந்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். அந்தக் காலத்தில் சூடு விடாமல் நீடித்தால் மொட்டு உள்ளேயே கருகிவிடும். வெளியே பார்ப்பவருக்கு மொட்டே வைக்காத செடி போலத் தெரியும்.

கேமரன் மலையில் இதே செடி தாராளமாகப் பூப்பதற்கும் செராஸில் முரண்டு பிடிப்பதற்கும் காரணம் இதுதான். உயரம் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 பாகை குறையும் என்பதால், 800 மீட்டருக்கு மேலான பினாங்குக் கொடிமலை உச்சிக்கும் கீழே ஜார்ஜ்டவுனுக்கும் 5 பாகை வித்தியாசம் வரும். அந்த 5 பாகையை உரத்தால் ஈடுகட்ட முடியாது. சமவெளியில் பூக்கவே பூக்காது என்று சொல்லவில்லை. பூக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு, விட்டுவிட்டு வரும். இதைத் தெரிந்துகொண்டு வளர்ப்பவருக்கு ஏமாற்றம் இல்லை. வாசலில் வருடம் முழுக்க ஆரஞ்சு நிறம் வேண்டும் என்றால் என் பரிந்துரை ஹெலிகோனியா சிட்டகோரம்தான். நல்ல வெயிலில் நம் சமவெளியில் ஓயாமல் பூக்கும். அது பரவும் செடி என்பதால் சாடியிலோ சிமெண்டு கட்டிய பாத்தியிலோ அடக்கி வைக்க வேண்டும்.

ரெஜினேதான் வேண்டும் என்பவர்கள் முதலில் வெயிலைக் கணக்குப் பாருங்கள். ஒரு நாளில் 5, 6 மணி நேரம் நேரடி வெயில் இலைமேல் விழ வேண்டும். கார் போர்ச் கூரைக்கு அடியில் நல்ல வெளிச்சம் இருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றும். செடிக்கு அது நிழல். காலை வெயில் தாராளமாகக் கிடைத்து, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சற்று நிழல் விழும் கிழக்குப் பக்கம்தான் நம் ஊருக்குப் பொருத்தமான இடம். சிமெண்டுத் தளமும் மேற்குச் சுவரும் சேரும் மூலை வேண்டாம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை இரவில்தான் வெளியே விடும். இந்தச் செடிக்கு வேண்டியதோ இரவுக் குளிர்ச்சி. அதே சாடியைப் புல்தரை ஓரமாக, காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தி வைப்பதே பாதி வைத்தியம். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலுக்குத் தள்ளினால் இலை வெளிறி வெந்துபோகும். இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல நகர்த்துங்கள்.

அடுத்தது சாடி. இந்தச் செடியின் வேர் விரல் பருமனில், சதைப்பற்றாக இருக்கும். வேர் சாடியை நிரப்பி நெருக்கமான பிறகுதான் பூக்க மனம் வரும். பெரிய சாடியில் இடம் தாராளமாக இருந்தால் வேரையும் இலையையும் பெருக்கிக்கொண்டே போகும். நான்கைந்து இலையுள்ள செடிக்கு 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாடி போதும். அடுத்த சாடி 5 சென்டிமீட்டர் மட்டும் பெரியதாக இருக்கட்டும். வருடாவருடம் சாடி மாற்றும் பழக்கம் இதற்கு ஆகாது. அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தாலோ, ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்க இடமில்லாமல் நின்றாலோ மாற்றுங்கள். பொதுவாக அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும்.

மண்ணில்தான் நிறையச் செடி செத்துப்போகிறது. நர்சரியில் தானா ஹித்தாம் என்று பையில் விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் நிரப்பினால் நான்கு மழையில் களிம்பாக இறுகிவிடும். இரண்டு பங்கு சுட்ட மண் (தானா பாக்கார் என்று கேட்டால் கொடுப்பார்கள்), ஒரு பங்கு தேங்காய் மட்டைச் சில்லு, ஒரு பங்கு பருமணல் அல்லது பெர்லைட், அரைப் பங்கு மட்கிய எரு, இந்தக் கலவை நம் மழைக்குத் தாங்கும். தேங்காய் மட்டைத் தூளைவிடச் சில்லு நல்லது. தூள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. கலவை சரிதானா என்று பார்க்க, சாடியில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் தண்ணீர் மேலே தேங்கி நின்றால் மணலைக் கூட்டுங்கள். அடியில் கல் பரப்பி வைத்தால் தண்ணீர் வடியும் என்பது பலருடைய நம்பிக்கை. உண்மையில் ஈரம் தங்கும் மட்டம் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும்.

தரையில் நடுபவர்களுக்கு: கிள்ளான் பள்ளத்தாக்கின் கட்டிச் செம்மண்ணில் குழி வெட்டி நல்ல மண்ணை நிரப்பினால் மழைநாளில் அந்தக் குழி கிணறாகிவிடும். குழிக்குப் பதில் மேடு கட்டுங்கள். 30 சென்டிமீட்டர் உயர்த்திய பாத்தி போதும். சாடியில் இருந்த அதே ஆழத்தில் நட வேண்டும். தூர் மண்ணுக்குள் புதைந்தால் பூப்பது தள்ளிப்போகும். காய்ந்த இலை, மரச்சீவல் எதைப் பரப்பினாலும் தூரைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். பூக்கள் பெரும்பாலும் புதரின் வெளி விளிம்பில்தான் வரும். எனவே செடிக்குச் செடி 1.8 மீட்டர் இடைவெளி வேண்டும். வேலி மாதிரி நெருக்கி நட்டால் இலைச்சுவர்தான் கிடைக்கும். நிக்கோலாயைச் சுவர், சாக்கடை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து 2 மீட்டராவது தள்ளி வையுங்கள். டெரஸ் வீட்டின் முன்பக்க மண்ணில் அதை நடாமல் இருப்பதே உத்தமம்.

தண்ணீர் விஷயத்தில் நாள்கணக்கு வேண்டாம். விரலை 5 சென்டிமீட்டர் ஆழம் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலைமழை பிடித்துக்கொண்டால் திறந்த வெளிச் சாடிக்கு வாரக்கணக்கில் ஊற்ற வேலையே இருக்காது. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் அதே சாடிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படலாம். கூரைச் சரிவுக்கு உள்ளே இருக்கும் சாடியை மறந்துவிடாதீர்கள். வெளியே கொட்டும் மழையில் ஒரு சொட்டுகூட அதில் விழுந்திருக்காது.

இலை நடுநரம்பை ஒட்டிச் சுருண்டால் தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டி உடனே ஊற்றுகிறார்கள். முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை சுருண்டால் வேர் அழுகுகிறது. செடியைச் சாடியிலிருந்து சாய்த்து எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் பாலாடை நிறத்தில், அழுத்தினால் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் பழுப்புத் தோல் மட்டும் உறைபோல் கழன்று வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மிஞ்சும். அதையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டி எடுத்து, ஓரிரவு நிழலில் காயவிட்டு, மிஞ்சிய வேரின் அளவுக்கு ஏற்ற சின்னச் சாடியில் புதுக் கலவையோடு வையுங்கள். வெட்டிய வேருக்கு ஈடாக வெளிப்பக்க இலைகள் சிலவற்றையும் எடுத்துவிட வேண்டும். புது இலை வரும்வரை உரத்தைத் தொடாதீர்கள்.

இப்போது உரம். 12-12-17-2 என்று எழுதியிருக்கும் நீல நிற என்.பி.கே. குருணை இதற்குப் பொருத்தம். தழைச்சத்து (நைட்ரஜன்) அளவோடு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) சற்றுத் தூக்கலாக இருக்கும். 30 சென்டிமீட்டர் சாடிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி, விளிம்போரமாக. தரையில் இருக்கும் பெரிய புதருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி, தூரிலிருந்து ஓரடி தள்ளி. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மட்கிய ஆட்டுப்புழுக்கை இரண்டு கை. காய்ந்த மண்ணில் குருணை போடாதீர்கள், வேர் வெந்துவிடும். கோழி எருவை அடிக்கடி போட்டால் இலை செழிக்கும், பூ பின்வாங்கும். பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் மக்னீசியக் குறை. எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பார்க்கலாம். மஞ்சள் புது இலையில் தெரிந்தால் வடிகாலைப் பாருங்கள்.

பூச்சிகளில் தலைவலி மாவுப்பூச்சிதான். காம்புகள் தூரில் ஒன்றையொன்று அணைத்திருக்கும் இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். செடியில் எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டால் உடனே காம்பை விலக்கிப் பாருங்கள். எறும்பு சும்மா ஏறாது. முதலில் ரப்பர் குழாயால் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். மிஞ்சியதை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தெளியுங்கள். ஒரே தடவையில் நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும். இலையின் அடியில் பழுப்புச் செதில்பூச்சி ஒட்டியிருந்தாலும் இதே வைத்தியம். மழைக்காலத்தில் குருத்தை நத்தை தின்னும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து கிடையாது.

பினாங்குத் தங்கையின் செடிக்கு வருவோம். வரவேற்பறைக்கென்று விற்பது பெரும்பாலும் நிக்கோலாய். இலை கிழிவது நோயில்லை, காற்றில் முறியாமல் இருக்க வாழை செய்யும் அதே வேலையை இதுவும் செய்கிறது. தஞ்சோங் பூங்கா பக்கம் பால்கனியில் வைத்தால் கடற்காற்றில் இன்னும் கிழியும். ஓரம் கருகுவதுதான் கவனிக்க வேண்டியது. ஏர்கான் காற்று நேராக இலைமேல் படுகிறதா பாருங்கள். படாவிட்டால் மண்மேல் வெள்ளைப் படிவம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உர உப்பு சேர்ந்துவிட்டது. குளியலறைக்குக் கொண்டுபோய், சாடியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, இரண்டு மாதம் உரத்தை நிறுத்துங்கள். கருகிய ஓரம் மீண்டும் பச்சையாகாது. புது இலை சுத்தமாக வந்தால் சரியாகிவிட்டது என்று பொருள். செடி ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்புங்கள். பளபளப்புத் தெளிப்பான் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். உச்சி கூரையைத் தொட்டால் நுனியை வெட்டாதீர்கள். அந்தத் தண்டுக்கு வளரும் இடம் அது ஒன்றுதான், வெட்டிய தண்டு மீண்டும் தழைக்காது. பழைய இலையை அடியோடு எடுக்கலாம், அல்லது உயர்ந்த தண்டையே நீக்கிவிட்டுப் பக்கக் கன்றுகளை வளரவிடலாம்.

பெருக்குவதற்குத் தூர் பிரிப்பதுதான் விரைவான வழி. ஐந்தாறு கன்றாவது சேர்ந்த புதரைத் தோண்டி, மண்ணைக் கழுவி, தூர்கள் சேரும் இடத்தில் குறுகலான கழுத்தைத் தேடுங்கள். சிறு ரம்பத்தால் அங்கே அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கன்றும் சொந்த வேரும் இருக்கட்டும். இலைகளைப் பாதியாகக் குறைத்து, அறுத்த இடத்தை ஒரு நாள் நிழலில் காயவைத்து நட்டு, நான்கு வாரம் அரைநிழலில் வையுங்கள். பிரித்த செடி மீண்டும் பூக்க ஒன்றிரண்டு வருடமாகும். பூத்துக்கொண்டிருக்கும் புதரை இதனால்தான் ஆசைக்காகப் பிரிக்கக் கூடாது.

விதை பொறுமைசாலிகளுக்கு. ஆரஞ்சுக் குஞ்சத்தைப் பிய்த்துவிட்டு, கறுப்புத் தோலை அரத்தால் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். விதையோடு வரும் பூஞ்சணம் நாற்றைக் கொல்லும். ஊறிய விதையை 57 பாகைத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் அது குறையும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், விதை வெந்துவிடும். முளைக்க ஒன்று முதல் மூன்று மாதம், பூக்க நான்கைந்து வருடம், சமவெளியில் அதைவிடக் கூடலாம்.

ஒருவழியாகப் பூங்காம்பு வந்துவிட்டால் அந்தச் சாடியை இடம் மாற்றாதீர்கள். அலகு போன்ற மடலுக்குள் நான்கைந்து பூக்கள் அடுக்காக இருக்கும், சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக எழும். ஆரஞ்சாகத் தெரிபவை புறவிதழ்கள். நீல அம்பு, இரண்டு இதழ் ஒட்டிக்கொண்டது. முதல் பூ வாடிய பிறகும் அடுத்தது வராவிட்டால் மடலுக்குள் இருக்கும் பசையில் சிக்கியிருக்கலாம். அலகின் மேல்விளிம்பை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து, கட்டைவிரலை உள்ளே விட்டு, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி மெல்லத் தூக்கினால் எழுந்துவிடும். ஜாடியில் வைப்பதற்கென்றால் முதல் பூ வெளிவந்த அன்று காலையிலேயே காம்பை அடியோடு வெட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும்.

சாடிக்கு அடியில் வைக்கும் தட்டை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்குள் கொசுப்புழு இருந்தாலும் அபராதம் உண்டு. விசிறி வாழை வைத்திருப்பவர்கள் காம்பின் அடியில் தேங்கும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பூனை, நாய் வளர்ப்பவர்கள் ஸ்ட்ரெலிட்ஸியாவின் விதைக்காயைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். தின்றால் வாந்தியும் சோர்வும் வரும்.